அத்தை வாங்கிய கோல்ஃப் வண்டி

எங்கள் வீட்டில் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு விஷயத்தில் ஒரே கருத்தாக இருந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அத்தை பழைய கோல்ஃப் வண்டி ஒன்றை வாங்கியபோது, அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. சிட்லபாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் பெரியப்பா குடும்பம். அப்பாவுக்கு வங்கியில் வேலை. பெரியப்பா தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். தண்ணீர் மோட்டாரை எப்போது போடுவது என்பதிலிருந்து வாசல் கேட்டுக்கு என்ன பெயின்ட் அடிப்பது என்பது வரை இருவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. கேட்டின் ஒரு கதவு பச்சையாகவும் இன்னொன்று சாம்பல் நிறமாகவும் பல வருஷம் அப்படியே இருந்தது.

அத்தை அவர்கள் இருவருக்கும் இளையவள். நாற்பதை நெருங்கிய பிறகும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். கல்யாணமான நான்காம் வருஷம் ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்தாள். எங்கள் வீட்டில் ஒரு மாதம்கூட இருக்கவில்லை. பெருங்களத்தூரில் ஒரு சின்ன போர்ஷனை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பு படித்தவள். சிறுசேரியில் ஒரு பெரிய கம்பெனி வளாகத்தில் கரண்டு சம்பந்தமான வேலைகளுக்கெல்லாம் சூப்பர்வைசராக இருந்தாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்கள் வீட்டுக்கு வருவாள். எந்த ஃபேனாவது சத்தம் போட்டால் ஸ்டூல் போட்டு ஏறிச் சரிசெய்வாள். சாப்பிட்டுவிட்டுப் போவாள். யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. பெரியப்பாவுக்கு அதுவே ஒரு குறையாக இருந்தது. விலை கேட்காமல் கடையைச் சுற்றிப் பார்க்கிறவன்தான் ஜாக்கிரதையாகக் கவனிக்க வேண்டியவன் என்பது அவருடைய கடை அனுபவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை அப்பாவுக்கு போன் செய்து, முடிச்சூர் ஷெட்டில் ஒரு வண்டியை நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டாள். அப்பா கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரைச் சொல்கிறாள் என்று நினைத்து, நிறுத்திக்கோம்மா என்று சொல்லிவிட்டார்.

முடிச்சூரில் இருந்தது தாத்தா விட்டுப்போன எங்கள் குடும்பத்து நிலத்தில் விற்காமல் மிஞ்சிய கடைசித் துண்டு. சுற்றிலும் மனைகளாகி, மனைகள் ஃபிளாட்டுகளாகி, நடுவில் இது மட்டும் முள்செடியும் ஒரு பழைய பம்ப்செட் ஷெட்டுமாகக் கிடந்தது. பெரிய வெள்ளத்தின்போது ஷெட்டின் கூரையைத் தொட்டுத் தண்ணீர் நின்றதால் சுவரில் உயரமான இடத்தில் ஒரு பழுப்புக் கோடு இருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் நிலம் கேட்டு வரவில்லை. பிறகு மெல்ல வர ஆரம்பித்தார்கள். அந்தச் சமயத்தில் ஒரு புரமோட்டர் எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்து காபி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். அவர் வந்தால் என்னை உள்ளே போய்ப் படிக்கச் சொல்வார்கள்.

அடுத்த வாரம் பெரியப்பா அந்த வழியாக வந்தபோது ஷெட்டை எட்டிப் பார்த்திருக்கிறார். நேராக எங்கள் ஹாலுக்கு வந்து உட்கார்ந்தார். அவர் எங்கள் ஹாலில் உட்கார்ந்து நான் பார்த்து நெடுநாளாகியிருந்தது.

"என்ன வண்டின்னு தெரியுமா? வெள்ளைக்காரங்க பந்தடிக்கிற மைதானத்துல ஓட்டுவாங்களே, அது. கோல்ஃப் வண்டி. துருப்பிடிச்சுப் போய் நிக்குது. இவளுக்கு எதுக்கு அது?"

அப்பாவுக்கும் புரியவில்லை. பெரியப்பா விரல்விட்டுச் சொன்னார். முதலில் வண்டி நிற்கும். அப்புறம் பூட்டை மாற்றுவாள். அப்புறம் கரண்டு கனெக்‌ஷன் வாங்குவாள். கரண்டு அட்டையில் பெயர் ஏறிவிட்டால் அதை வைத்தே நாளைக்கு, இது என் அனுபவத்தில் இருக்கிற இடம் என்பாள்.

"பாப்பாவா? சேச்சே" என்றார் அப்பா. டி.வி.யைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஆனா என்கிட்ட மட்டும் ஏன் கேட்டா? உன்கிட்ட ஏன் கேக்கல?" என்றார். அதற்குப் பிறகு டி.வி.யை அணைத்துவிட்டு இருவரும் நெடுநேரம் பேசினார்கள்.

அது கோடை விடுமுறை. அத்தை ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு தினமும் முடிச்சூருக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு மாத லீவு என்பதே அவர்களுக்குப் பெரிய ஆதாரமாகத் தெரிந்தது. கல்யாணத்துக்கே பத்து நாள்தான் லீவு போட்டவள் அவள். பெரியவர்கள் யாராவது அங்கே போய் நின்றால் நன்றாக இருக்காது. ஆகவே என்னை அனுப்புவது என்று முடிவாயிற்று. அத்தைக்குத் துணையாக இரு என்று அப்பா சொன்னார். அவள் யார் யாரோடு பேசுகிறாள், என்ன செய்கிறாள் என்று கவனித்துக்கொள் என்று பெரியப்பா சொன்னார். குழந்தையை ஏன் இதிலெல்லாம் இழுக்கிறீர்கள் என்று அம்மா கேட்டாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை.

முதல் நாள் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தெரு முனையிலேயே திரும்பிவிட்டார். அத்தை பழைய சல்வார் கமீஸில், தலைமுடியைத் துண்டால் கட்டிக்கொண்டு, ஒரு வண்டியின் சீட்டைக் கழற்றிக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். நான் கற்பனை செய்துவைத்திருந்ததைவிட அது மிகச் சின்னதாக இருந்தது. முன்பக்கம் இரண்டு பேர் உட்காரலாம். பின்பக்கம் இரண்டு பேர், வந்த வழியைப் பார்த்தபடி உட்காரலாம். கதவு கிடையாது. கூரை கிடையாது; கூரையைத் தாங்கிய நான்கு கம்பிகள் மட்டும் இருந்தன. நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே எந்த ஊரிலோ செய்து, கப்பலில் வந்து, கடலோர ஹோட்டல் ஒன்றில் ஓடி, பிறகு அத்தையின் கம்பெனி வளாகத்துக்கு வந்து சேர்ந்ததாம். அங்கேயும் வயதாகி ஜெனரேட்டர் ரூம் பின்னால் மழையில் நனைந்துகொண்டிருந்ததை இரும்பு விலைக்கு ஏலம் விட்டபோது அத்தை எடுத்திருக்கிறாள். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாளாம்.

"இன்னாடி, உங்கப்பா உள்ள வராமயே போயிட்டாரு?" என்றாள்.

"வேலை இருக்காம்."

"ஞாயித்துக்கிழமையா?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு பழைய டூத் பிரஷை என்னிடம் நீட்டினாள். சீட்டுக்கு அடியில் ஆறு பாட்டரிகள் இருந்த இடம் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அது புஸ்ஸென்று பொங்கும். பொங்கி அடங்கியதும் தேய்க்க வேண்டும். நான் தேய்த்தபடியே கண்ணை நாலா பக்கமும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மாலை மாடியில் விசாரணை நடந்தது. ஆறு பாட்டரி, ஆப்பசோடா, டூத் பிரஷ் என்று நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். பெரியப்பா கொட்டாவி விட்டார். கடைசியாக, ஷெட்டின் பழைய பூட்டு துருப்பிடித்துப் போனதால் அத்தை அதை உடைத்துவிட்டுப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறாள் என்று சொன்னேன். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா பெரியம்மாவைக் கூப்பிட்டு, குழந்தைக்கு இரண்டு சமோசா எடுத்துவா என்றார்.

எந்தச் செய்திக்குச் சமோசா வரும், எதற்கு வராது என்பது அதற்குப் பிறகு எனக்கு வேகமாகப் பிடிபட்டுவிட்டது.

பக்கத்து மனையில் ஒரு பாயின் வீடு இருந்தது. அவருக்கு மெயின் ரோட்டில் பாட்டரிக் கடை. முதலில் அவரும் எங்களைச் சந்தேகப்பட்டார். காம்பவுண்டு சுவருக்கு மேல் தலையை நீட்டி, "இன்னாமா இது, ஆஸ்பத்திரி வண்டியா? பேப்பர் கீதா?" என்றார். அத்தை ஏல ரசீதையும் கேட் பாஸையும் எடுத்துக் காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் அவர் சுவரைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். வண்டியைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. இத்தனை பாட்டரியில் ஓடுகிற வண்டியை அவர் அதற்கு முன் தொட்டுப் பார்த்ததில்லை. ஆறில் இரண்டு தேறும், நான்கு தேறாது என்று ஒரு கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்துச் சொன்னார். தேறாத நான்குக்குப் பதிலாகத் தன் கடையிலிருந்தே நல்லதாகக் கொண்டுவந்தார். சார்ஜ் ஏற்ற ஷெட்டில் கரண்டு இல்லை என்று தெரிந்ததும் தன் வீட்டிலிருந்து சுவர் வழியாக ஒரு ஒயரை இழுத்துவிட்டார். எத்தனை நாளைக்கு இப்படி, ஒரு டெம்பரவரி கனெக்‌ஷன் எழுதிப் போடும்மா என்று அவர்தான் அத்தையிடம் சொன்னார். மறுநாள் அத்தை பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து, படித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் பைக்குள் வைத்தாள்.

பாய் சொன்னதை நான் வீட்டில் சொல்லவில்லை. விண்ணப்பத்தை மட்டும் சொன்னேன். அன்றைக்குப் பரோட்டா வந்தது.

நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கே உறுதியாகத் தெரியும். பார்த்ததைத்தான் சொன்னேன். எதைப் பார்த்தேன் என்பதில் கொஞ்சம் விட்டுவிட்டேன், அவ்வளவுதான். ஒருநாள் அத்தை யாரிடமோ போனில், ஃபீல்டு சரியாக இருக்கிறது என்றும், நாளைக்கு ஃபீல்டை இன்னொரு தடவை செக் பண்ண வேண்டும் என்றும் சொன்னாள். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றுக்கு அப்படி ஒரு பெயர் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதை அப்படியே வந்து ஒப்பித்தேன்.

"ஃபீல்டா?" என்றார் அப்பா.

"நிலம்" என்றார் பெரியப்பா.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா முகத்தில் அன்றைக்கு இருந்தது கோபமில்லை. ஏதோ ஒரு வலி. தன் தங்கையைப் பற்றி அப்படி நினைக்க வேண்டியிருக்கிறதே என்ற வலியாக இருக்கலாம். ஆனால் நினைப்பதை நிறுத்தவில்லை.

சந்தேகம் என்பது அம்மை மாதிரி எனக்கும் தொற்றிக்கொண்டது. அத்தை என்னை டீ வாங்கிவர அனுப்பினால், என்னை வெளியே அனுப்புவதற்காகத்தான் அனுப்புகிறாளோ என்று பாதி வழியில் திரும்பி வந்து வேலி இடுக்கில் பார்ப்பேன். அவள் வண்டியின் கீழே படுத்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். அப்பாவின் முகத்தை நினைத்துக்கொண்டு ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"எதுக்கு அத்தை இதை வாங்கினீங்க?"

"புடிச்சிருந்துச்சுடி."

"அதுக்கா?"

"ஒம்போது வருஷமா அதைத் தாண்டித்தான் தெனமும் போயிட்டு வரேன். வெளிநாட்டுக்காரங்க வந்தா அவங்களை ஏத்திக்கினு சுத்தும். அதோட லைட்டு, ஹாரன் எல்லாம் நான்தான் ரிப்பேர் பண்ணுவேன். ஒருநாள்கூட ஏறி உக்காந்ததில்ல."

வீட்டில் இதையும் சொன்னேன். பெரியப்பா பெரிதாகச் சிரித்தார். கடையில் இத்தனை வருஷத்தில் பிடித்திருந்தது என்பதற்காக யாரும் ஒரு ஸ்க்ரூகூட வாங்கிப் பார்த்ததில்லை என்றார். அந்தச் செய்திக்குத் தின்ன ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே நானும் அதை நம்பவில்லை.

வண்டி மெல்ல மெல்ல உருவாகிக்கொண்டிருந்தது. துருவைத் தேய்த்து அத்தை பாலாடை நிறத்தில் பெயின்ட் அடித்தாள். ஆட்டோவுக்கு சீட் தைக்கிறவர் வந்து சிவப்பு ரெக்ஸின் போட்டுக் கொடுத்தார். டயர் எங்கு தேடியும் கிடைக்காமல், கடைசியில் ஆட்டோ டயரையே பொருத்தினார்கள். பந்தல் போடுகிறவரிடம் வாங்கிய கோடு போட்ட துணி கூரையாயிற்று. முதல் முதலாக மிதியை அமுக்கியபோது சீட்டுக்கு அடியில் டக்கென்று ஒரு சத்தம் வந்தது. வண்டி அசையவில்லை. ஆனால் அடியில் இருந்த கம்பிச் சுருள் ஒன்று அடுப்புத்தணல் போலச் சிவந்துகொண்டே வந்தது. அத்தை சட்டென்று காலை எடுத்தாள். மோட்டாரைக் கழற்றி மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினாள். நான்காம் நாள் மறுபடியும் டக். இந்த முறை வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது. பாய் சுவர் மேலிருந்து கை தட்டினார். அத்தை ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். ஒரு நிமிஷம் எதற்கு வந்திருக்கிறேன் என்பதே மறந்துபோயிருந்தது.

ஓட்டிப் பார்த்தபோது வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க அத்தை ஒரு வேலை செய்தாள். முள்செடியை வெட்டிச் சுத்தம் பண்ணின இடத்தில் ஒரு மூலையில் டேப்பின் முனையை என்னிடம் பிடிக்கச் சொல்லி, மறுமூலை வரை அளந்தாள். பிறகு ஒரு டப்பாவில் சுண்ணாம்புப் பொடியை எடுத்து நேராக ஒரு கோடு போட்டாள். அதன் முடிவில் பெரிய வளைவாகத் திரும்பிவர இன்னொரு கோடு. கோட்டின் மேல் வண்டியை விட்டால் எங்கே விலகுகிறது என்று தெரிந்துவிடும். அன்று முழுக்க நாங்கள் அந்தக் கோட்டின் மேல் போய்வந்துகொண்டிருந்தோம். சாயங்காலத்துக்குள் வண்டி கோட்டை விட்டு விலகாமல் ஓடியது.

அன்று மாலை நான் சொன்னது இரண்டே வாக்கியம். அத்தை டேப் வைத்து நிலத்தை அளந்தாள். அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டாள்.

எங்கள் பக்கத்தில் சுண்ணாம்புக் கோடு என்றால் ஒரே அர்த்தம்தான். மனை பிரிக்கிறார்கள் என்று அர்த்தம். வண்டியைப் பற்றி நான் சொல்ல வாயெடுத்தேன் என்றுதான் இன்றுவரை என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். ஆனால் அதற்குள் பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். அப்பா தண்ணீர் கேட்டார். மறுநாள் காலையில் அவர்கள் இருவரும் முடிச்சூர் தெருமுனையில் நின்று அந்த வெள்ளைக் கோட்டைத் தங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தார்கள். அதற்கப்புறம் ஆவணம் எழுதுகிறவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். புரமோட்டரும் வந்தார். என்னை உள்ளே போய்ப் படிக்கச் சொன்னார்கள். நான்கு நாள் என்னை முடிச்சூருக்கு அனுப்பவில்லை.

அப்பா அத்தைக்கு போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் வருகிறோம் என்றார். அந்தப் பக்கமிருந்து அத்தை என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா போனை வைத்துவிட்டு, "வண்டியைப் பாக்க வரோம்னு நெனச்சுக்கிட்டா" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

பெரியப்பாவின் காரில் நாங்கள் போனபோது காலை பத்து மணி இருக்கும். பெரியப்பா கையில் ஒரு இனிப்புப் பெட்டியும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலும் இருந்தன. அத்தை தலைக்குக் குளித்து, மஞ்சள் நிறத்தில் ஒரு நல்ல புடவை கட்டியிருந்தாள். அவளைப் புடவையில் பார்ப்பதே அபூர்வம். வண்டியின் முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூ சுற்றி, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். ஷெட்டுக்குள் ஸ்டூல் மேல் வாழையிலை மூடிய பாத்திரங்கள். இட்லியும் வடகறியும் என்று வாசனையே சொன்னது. பாய் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சுவர் ஓரமாக நின்றிருந்தார். சுண்ணாம்புக் கோட்டைப் புதிதாக இன்னொரு முறை போட்டிருந்தாள்.

"உங்களுக்காகத்தான் இன்னும் எடுக்கல. ஏறுங்கண்ணா" என்றாள்.

பெரியப்பா இனிப்புப் பெட்டியை என் கையில் கொடுத்தார். அப்பா ஏற்கெனவே வண்டியின் பக்கம் போய் அந்தச் சிவப்பு சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இருவரும் பின் சீட்டில் ஏறினார்கள். இரண்டு பேரும் முகத்தைப் பின்பக்கம் வைத்துக்கொண்டு, முழங்கால்கள் இடிக்க, ஃபைல் பெரியப்பாவின் மடியில் இருக்க உட்கார்ந்தார்கள். நான் முன்னால் அத்தைக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். டக் என்றது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி சத்தமே இல்லாமல் கிளம்பியது.

நடக்கிற வேகம்தான். ஆனாலும் பெரியப்பா ஒரு கையால் கம்பியையும் மறுகையால் ஃபைலையும் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா பாப்பா" என்று கத்தினார். அப்பா சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரிப்பதை நான் கேட்டதே இல்லை. வளைவில் திரும்பும்போது அத்தையும் சிரித்தாள். பிறகு பெரியப்பாவும். மூன்று பேருக்கும் ஒரே மாதிரிச் சிரிப்பு, இழுத்து இழுத்து வரும் சிரிப்பு. அதை அன்றைக்குத்தான் கவனித்தேன். ஒரு சுற்று முடிந்ததும் அத்தை நிறுத்தப் போனாள். "இன்னொரு ரவுண்டு போம்மா" என்றார் அப்பா.

இரண்டாவது சுற்று முடிந்து இறங்கியபோது பெரியப்பாவின் முகம் வேர்த்திருந்தது. துடைத்துக்கொண்டார். அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். அப்புறம் பெரியப்பா ஃபைலைத் திறந்து, முத்திரைத்தாளில் டைப் அடித்த காகிதத்தை எடுத்தார்.

"ஒண்ணுமில்லம்மா. ஒரு சின்ன கையெழுத்து. இந்த இடத்தைக் கேட்டு ஆள் வந்திருக்காங்க. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. இப்போ இதுல போட்டுடு, நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து அங்க ஒண்ணு போட்டா முடிஞ்சுது."

அத்தை ஓட்டுகிற சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். காகிதத்தையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலிருந்து இறங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. காகிதத்தை அவள் வாங்கவில்லை.

"கையெல்லாம் கிரீஸுண்ணா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ நல்லாப் படிப்பியே. படிடி, கேக்கலாம்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாசிப்பில் எனக்குத்தான் முதல் பரிசு. காகிதத்தை வாங்கி, நிமிர்ந்து நின்று, டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரி நிறுத்தி நிறுத்தி உரக்கப் படித்தேன். கடினமான வாசகங்கள், மூச்சு விட இடமில்லாத வாக்கியம். மேற்படி சொத்தில் நாம் மூவரும் சம பாத்தியதை உள்ள வாரிசுகள் என்று வந்தது. அதில் எனக்குள்ள மூன்றில் ஒரு பங்கு பாத்தியதையை, பிரதிபலன் ஏதும் பெறாமல், என் முழு மனதோடும் பிறர் தூண்டுதல் இல்லாமலும் என் சகோதரர்கள் இருவருக்கும் விட்டுக்கொடுத்து விடுதலை செய்கிறேன் என்று வந்தது. அந்த இடத்தில் அத்தையின் முழுப்பெயர், இனிஷியலோடு இருந்தது. அவளுக்கு இப்படி ஒரு நீளமான பெயர் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதையும் திக்காமல் படித்தேன்.

பாய் எதையோ பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

"இன்னொரு தடவை படி" என்றாள் அத்தை.

நான் இன்னும் உரக்கப் படித்தேன்.

"மூணுல ஒண்ணா பெரியண்ணா?" என்றாள்.

"அது சட்டத்துக்காக எழுதுறதும்மா. உன் கல்யாணத்துக்கு என்ன செய்யணுமோ அப்பவே செஞ்சாச்சு. உனக்குத் தெரியாததா?"

"நான் கையெழுத்துப் போடலன்னா?"

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்கு அப்போதும் தரையைவிட்டுக் கண் எழவில்லை. அத்தை இறங்கி வந்து என் கையிலிருந்த காகிதத்தை வாங்கினாள். நாலாக மடித்தாள்.

"வெச்சுட்டுப் போங்க. படிச்சுப் பாக்குறேன். சாப்பிட்டுட்டுப் போங்கண்ணா, வடகறி செஞ்சிருக்கேன்."

நாங்கள் சாப்பிடாமலே கிளம்பினோம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பெரியவர்கள் விவகாரம். அத்தை கையெழுத்துப் போடவில்லை. புரமோட்டர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார். இரண்டு தீபாவளிக்கு அத்தை எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. எங்கள் ஹால் ஃபேன் அத்தனை நாளும் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பேசி, நிலத்தை மூன்றாகப் பிரித்துக் கல் நட்டார்கள். அப்பா பங்கும் பெரியப்பா பங்கும் விற்று இன்றைக்கு அங்கே நான்கு மாடி நிற்கிறது. ஷெட் இருந்த பங்கு அத்தையுடையது. அதில் ஒரு சின்ன வீடு கட்டிக் குடியிருக்கிறாள். ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லாத வண்டி என்பதால், பக்கத்து ஃபிளாட்டின் உள்பாதையில் காலை வேளையில் மட்டும் ஓட்டுகிறாள். அங்கே முட்டிவலிக்காரர்கள் நாலைந்து பேர் அவளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

கையெழுத்து கேட்டு அவர்கள் போயிருக்காவிட்டால் தனக்கு ஒரு பங்கு இருப்பது அவளுக்குத் தெரியவந்தே இருக்காது, நாமே போய்ச் சொல்லிக்கொடுத்தோம் என்று அப்பா பின்னாளில் அம்மாவிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பெரியப்பா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாம் தெரிந்துதான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள் என்பார். எனக்கு எது உண்மை என்று தெரியாது. வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அத்தையிடம் ஒரு முறை கேட்டேன், நிஜமாகவே தெரியாதா என்று. பாட்டரியில் தண்ணீர் இருக்கிறதா பார் என்று என்னை ஷெட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

ஆனால் ஒன்று. தலைக்குக் குளித்து, சந்தனமும் பூவும் வைத்த கை அது. அவள் நாலாக மடித்த அந்தக் காகிதத்தில் ஒரு கிரீஸ் கறை இல்லை. படிக்கச் சொல்ல அவளுக்கு வேறு ஆள் இல்லாமலும் இல்லை; அவளே படிக்கத் தெரிந்தவள். இதெல்லாம் எனக்கு உறைக்கப் பத்து வருஷம் ஆயிற்று. ஒரு மாதம் அவளுடைய கை அசைவைக்கூட விடாமல் பார்த்துச் சொன்னவள் நான்.

அன்றைக்கு எனக்கு இருந்த கவலை வேறு. இரண்டு முறை படித்தும் ஒருவரும் நன்றாகப் படித்தாய் என்று சொல்லவில்லை. காரில் திரும்பி வரும்போது பெரியப்பா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தார். இனிப்புப் பெட்டி பிரிக்காமலே என் மடியில் இருந்தது. பெருங்களத்தூர் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டேன்.

"தப்பாப் படிச்சுட்டேனாப்பா?"

அப்பா ஓட்டிக்கொண்டே இருந்தார். சிக்னலில் வண்டி நின்ற பிறகுதான் பதில் சொன்னார்.

"இல்ல. சரியாத்தான் படிச்ச."

எனக்கு அது போதுமாக இருந்தது. பெட்டியைப் பிரித்து ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.